தகரக் கூரையின் கீழ் ஒரு பந்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மழை சற்று விட்டிருந்தது. மாத்தளை மலைப்பகுதியில் மண்சரிவினால் வீட்டையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் சில, தற்காலிகத் தகரக் கொட்டில்களில் ஒன்பதாவது மாதத்தைக் கழித்துக்கொண்டிருந்தன. மிளகுக் கொடி, கொஞ்சம் மரக்கறி, இரண்டு மாடு என்று சிறு நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள். அன்று அவர்களுடைய சிறுசேமிப்புக் குழுவின் கூட்டம். நானும் போயிருந்தேன்.

கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அடுத்த மாதம் நான்கு பிள்ளைகள் புதுநன்மை வாங்க இருக்கிறார்கள். குழுவின் கையில் இருக்கும் சிறு தொகையில் அதற்காக ஏதாவது செய்யலாமா? நான் தயங்காமல் பதில் சொன்னேன். "இந்த வருடம் கொண்டாட்டம் வேண்டாம். திருப்பலியோடு முடித்துக்கொள்வோம். இருக்கும் பணம் விதைக்கும் மண்வெட்டிக்கும் போகட்டும்." எல்லோரும் தலையசைத்தார்கள். குருவானவர் சொன்னால் தலையசைப்பது எங்கள் மக்களின் பழக்கம்.

பின்வரிசையில் பாயில் இருந்த ஒரு பாட்டி மட்டும் தலையசைக்கவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா? மண்ணு சரிஞ்ச அன்னைக்கி எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து அழுதோம். எட்டாம் நாளு, முப்பதாம் நாளுன்னு சாவுக்குக் கூடுனோம். நெவாரணத்துக்கு வரிசையில நின்னோம். எழவுக்கும் வரிசைக்கும் மட்டுந்தான் நாங்க கூடணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்பிட்டிய குருமடத்தில் படித்த இறையியலும், பின்னர் கிராம அபிவிருத்திப் பயிற்சிகளில் கற்ற கணக்குகளும் அந்த நேரத்தில் உதவவில்லை. நான் சொன்னது கணக்கில் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய வரவை நான் சேர்க்க மறந்திருந்தேன். அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். அணைக்கட்டுக்காக எழும்பியவர்கள், கலவரத்தில் ஓடியவர்கள், மண்சரிவுக்குத் தப்பியவர்கள், 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டியபோது எல்லாவற்றையும் விட்டு இறங்கியவர்கள் என எத்தனையோ பேர் இதை வாசிப்பீர்கள். உங்கள் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

புறப்படும் இரவில் ஒரு விருந்து

அன்றிரவு அறைக்குத் திரும்பி விவிலியத்தைத் திறந்தேன். விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம். எத்தனையோ பெரிய வியாழன்களில் அதை வாசித்து மறையுரை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது.

எகிப்தில் இஸ்ராயேல் மக்கள் அடிமைகள். செங்கல் அறுத்தவர்கள். அந்த இரவே ஊரை விட்டு ஓடவேண்டும். மா புளிப்பதற்குக்கூட நேரமில்லை. இப்படிப்பட்ட இரவில் கடவுள் அவர்களுக்குக் கொடுத்த கட்டளை என்ன? குடும்பமாக உட்கார்ந்து விருந்து உண்ணுங்கள் என்பது. இடுப்பைக் கட்டி, செருப்பை மாட்டி, கையில் கோலைப் பிடித்தபடி உண்ணச் சொன்னார். ஊர் போய்ச் சேர்ந்து, வீடு கட்டி, வயல் விளைந்த பிறகு கொண்டாடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. போவதற்கு முன்னரே கொண்டாடச் சொன்னார்.

அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு குறிப்புகள் உண்டு. ஒரு வீட்டார் ஒரு ஆட்டுக்குட்டியை உண்டு முடிக்க முடியாத சிறு குடும்பமாக இருந்தால், அயல்வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பங்கிட வேண்டும். வருங்காலத்தில், இந்தச் சடங்கின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது, பெற்றோர் அந்த இரவின் கதையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே அந்த விருந்தில் மூன்று விடயங்கள் இருந்தன. இடம்பெயரும் மக்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இல்லாதவன் இருப்பவனோடு சேர்ந்துகொண்டான். பிள்ளைகள் கேட்டார்கள், பெரியவர்கள் சொன்னார்கள். ஆலயம் இல்லை, பீடம் இல்லை, குருவும் இல்லை. ஒவ்வொரு வீடும் ஆலயமாக இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை வீட்டுத் திருச்சபை எனக் கூறியபோது, மிகப் பழைய உண்மையொன்றைத்தான் நினைவுபடுத்தியது.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சான்று

இதற்குச் சான்று தேடி எகிப்துக்குப் போகத் தேவையில்லை. எங்கள் மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைக்கு அருகே வாகக்கோட்டை இருக்கிறது. இன்று புனித அந்தோனியார் திருத்தலம் என்று எல்லோரும் அறிந்த ஊர். திருவிழாக் காலத்தில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் பஸ்களிலும் வான்களிலும் அங்கே போகிறோம். மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டு, நேர்த்தி செலுத்தித் திரும்புகிறோம். அந்த ஊர் எப்படி உருவானது என்று நாம் கேட்பது குறைவு.

அதுவும் இடம்பெயர்ந்தோரின் ஊர்தான். கண்டி அரசர் காலத்தில் மலைநாட்டில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்த கத்தோலிக்கர் அங்கே வாழ்ந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. காலப்போக்கில் மொழியாலும் உடையாலும் தொழிலாலும் அந்த மண்ணின் விவசாயிகளாகவே மாறிவிட்டார்கள். விசுவாசம் மட்டும் மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி இராச்சியத்திலிருந்து குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் நீண்ட காலம் அந்த மக்களுக்கு நிலையான குரு இல்லை. ஞாயிறு திருப்பலி இல்லை. மறைக்கல்விப் பாடசாலையும் இல்லை.

பின் எப்படி அணையாமல் இருந்தது? வீடுகளில்தான். மாலைச் செபத்திலும், பிள்ளைக்குப் பெயரிடும் நாளிலும், கல்யாணத்திலும், சாவு வீட்டிலும், அந்தோனியார் திருநாளிலும் அது கையளிக்கப்பட்டது. குரு இல்லாத விசுவாசத்தைக் குடும்பங்கள் சுமந்தன.

இந்த வழியை எங்கள் நாட்டுக்குப் பழக்கியவர் புனித யோசேவாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். இரவிலே வீடுகளில் மக்களைக் கூட்டித் திருப்பலி நிறைவேற்றினார். தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது மூப்பரையும் அண்ணாவியாரையும் பொறுப்பாக விட்டுச் சென்றார். 1711இல் கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பெரிய கட்டடம் ஒன்றையும் அவர் நம்பியிருக்கவில்லை. பாயில் உட்காரும் குடும்பத்தை நம்பினார்.

கொட்டிலில் இருக்கிறோமே, கோயில் தூரமாகிவிட்டதே, பாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறாரே என்று கவலைப்படுகிற அம்மாமார்களுக்கு நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன்.

மடுவுக்குப் போகும் பாதை

எங்கள் மக்கள் குடும்பமாகப் போகும் பெரிய பயணம் மடு யாத்திரை. மாத்தளையிலிருந்து நாவுல, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி என்று ஏ-9 வீதியில் போய், அங்கிருந்து மன்னார் வீதியில் திரும்பி மடுச் சந்தியில் உள்ளே இறங்கவேண்டும். வானில் பாட்டு, பின்னால் சட்டி பானை, கட்டுச்சோறு, வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஒரு தேசிக்காய். இதை அறியாதவர் யார்?

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதை திறந்தபோது, குருமட மாணவனாக இருந்த நான் என் பெற்றோரோடு அங்கே போனேன். தம்புள்ளையைத் தாண்டியதும் என் தகப்பனார் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பாதையிலதான்டா எங்க தாத்தாவோட தாத்தா நடந்து வந்தாரு."

உண்மைதான். 19ஆம் நூற்றாண்டிலே, கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்த எங்கள் முன்னோர், காட்டு வழியே மிகிந்தலையையும் தம்புள்ளையையும் கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர். மாத்தளை அவர்களுக்கு மலைநாட்டின் வாசல். அவர்கள் அழுதுகொண்டு நடந்த பாதையில்தான் நாங்கள் பாடிக்கொண்டு திரும்பிப் போகிறோம்.

போய்ச் சேரும் இடத்தின் கதையும் அப்படிப்பட்டதே. ஒல்லாந்தரின் நெருக்கடி தாங்காமல், 1670 அளவில் மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. 1990ஆம் ஆண்டுக்குப் பின் அதே வளாகம் பல்லாயிரம் அகதிகளுக்குத் தங்குமிடமானது. 1999 நவம்பரில் அங்கே விழுந்த எறிகணைகளில் அடைக்கலம் தேடி வந்தவர்களே இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது, மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது. இடம்பெயர்ந்தவர்களோடு தானும் இடம்பெயர்ந்த தாய் அவள். எகிப்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு அது புதிதல்ல.

வழியில் தொலைந்த பிள்ளை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் திருவிழாவுக்கு நான் பங்கு மக்களோடு மடுவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் காணாமற் போனான். தாய், அவன் சித்தியோடு இருக்கிறான் என்று நினைத்தாள். சித்தி, தகப்பனோடு குளிக்கப் போயிருப்பான் என்று நினைத்தாள். தகப்பன் எங்களோடு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி, கூடாரம் கூடாரமாகத் தேடினோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மீனவக் குடும்பத்தின் கூடாரத்தில் அவனைக் கண்டோம். பாலைமர நிழலில் உட்கார்ந்து சோறும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாய் அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தை நினைத்தேன். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போவது நாசரேத்துக் குடும்பத்தின் வழக்கம். திரும்பும் வழியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்து ஒரு நாள் பயணம் போய்விட்டார்கள். தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாளாயிற்று. திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது. அவர்கள் செய்த பிழை அன்பில்லாமை அல்ல. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்புத்தான்.

இந்தப் பாடத்தை நான் எங்கள் கொட்டில் வரிசையிலே திரும்பவும் கண்டேன். இடம்பெயர்ந்த பின், பிள்ளைகளைப் புதிய பாடசாலையில் சேர்த்தாயிற்றா என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, பழைய பாடசாலை அதிபர் கடிதம் அனுப்பியிருப்பார் என்றார். கிராம சேவகர் எழுதிக்கொண்டு போனாரே என்றார் இன்னொருவர். மூன்று பிள்ளைகள் நான்கு மாதமாக ஒரு பாடசாலைக்கும் போகவில்லை! எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள்.

மரியாவும் யோசேப்பும் வந்த வழியே திரும்பி நடந்து தேடினார்கள். நாமும் அதைத்தான் செய்யவேண்டும். பயணம் போகும்போது இரவில் பிள்ளைகளை எண்ணுகிறோம் அல்லவா? இடம்பெயர்வும் ஒரு நீண்ட பயணம்தான். ஒவ்வொரு இரவும் எண்ணுங்கள். இவன் பாடசாலையில் இருக்கிறானா, இவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, இந்த வளர்ந்த பையன் மாலையில் யாரோடு இருக்கிறான் என்று பெயர் சொல்லி எண்ணுங்கள்.

ஒரு பலாப்பழத்தின் கதை

எல்லா உல்லாசப் பயணமும் வான் பிடித்துப் போவதல்ல. அந்தக் கொட்டில்களில் இருந்த ஒரு தகப்பன் ஒரு சனிக்கிழமை தன் இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்தைப் பார்க்கப் போனார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலர் பாதுகாப்பானது என்று காட்டிய எல்லைக்கு மேல் போகவில்லை. வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண். வளவின் கரையில் அவருடைய தகப்பன் நட்ட பலாமரம் மட்டும் நின்றது. அதில் ஒரு பழம். அதைப் பறித்துத் தோளில் வைத்துச் சுமந்து வந்தார். அன்று மாலை அந்தப் பழம் எல்லா வீடுகளுக்கும் பங்கிடப்பட்டது. எனக்கும் நான்கு சுளை வந்தது.

இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தில் இதைப் போன்ற ஒரு காட்சி உண்டு. நிலம் கிடைத்து முதல் விளைச்சல் வந்ததும், விவசாயி அதைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஆண்டவர் முன் வரவேண்டும். வந்து, என் தந்தை நிலையான ஊரில்லாமல் அலைந்தவர் என்று தொடங்கி, எகிப்தில் பட்ட துன்பத்தையும், கடவுள் கூக்குரலைக் கேட்டதையும், நிலம் தந்ததையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்ன பிறகு, குடும்பத்தோடும் அந்நியனோடும் சேர்ந்து மகிழ்ந்து உண்ண வேண்டும்.

எங்களுக்கும் அப்படிச் சொல்ல ஒரு கதை உண்டு. எங்கள் முன்னோர் மன்னாரிலிருந்து நடந்து வந்தார்கள். காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று எங்களைப் பங்கிட்டது. அண்ணன் கப்பலேற, தம்பி லயத்தில் நின்றான். 1977இலும் 1983இலும் வீடு எரிந்து, பலர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்தார்கள். அங்கும் போர் வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்தான் நாடற்றவர் என்ற பெயர் ஒருவாறு நீங்கியது. இத்தனைக்கும் நடுவில் கடவுள் எங்களை விட்டுப் போகவில்லை.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லப்போகிறோம்? பாடப் புத்தகத்தில் அது அதிகம் இல்லை. தைப்பொங்கல் பானைக்கு முன்னால், கிறிஸ்மஸ் இரவில், ஒரு பலாப்பழத்தைப் பிளக்கும்போது சொல்லலாம். சொல்லாவிட்டால், தாங்கள் தகரக் கொட்டிலில் பிறந்த ஏழைகள் என்று மட்டும் எங்கள் பிள்ளைகள் நினைப்பார்கள்.

இரசம் தீர்ந்துபோன வீடு

இனி, மறுபக்கத்தையும் பேசவேண்டும். பாட்டி சொன்னது சரி. ஆனால் என் பயத்திலும் நியாயம் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகள் பெரியபிள்ளையானதற்கு மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, ஊருக்கே விருந்து வைத்தது. நகையை அடகு வைத்தார்கள். போதாததற்கு வட்டிக்கு வாங்கினார்கள். இரண்டு போகம் விளைச்சல் வட்டிக்கே போயிற்று. கடைசியில் குத்தகைக்கு எடுத்திருந்த வயலையும் விடவேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்போடு நகரத்துக் கடைக்கு வேலைக்குப் போனாள். எந்தப் பிள்ளையைக் கொண்டாடினார்களோ, அந்தப் பிள்ளையே கடனைச் சுமந்தாள். விருந்து சாப்பிட்ட எவரும் அதைச் சுமக்கவில்லை.

யாத்திரைகளிலும் இதே நோய் உண்டு. வான் தம்புள்ளையைத் தாண்டுமுன்பே பின் ஆசனத்தில் போத்தல் திறக்கப்படுகிறது. பெண்கள் அடுப்படியிலும் பயத்திலுமே திருவிழாவைக் கழிக்கிறார்கள். இதை யாத்திரை என்று எப்படிச் சொல்வது?

கானாவூர்க் கல்யாணத்தில் இரசம் தீர்ந்துபோயிற்று. கிராமத்து வீட்டுக்கு அது பெரிய அவமானம். அதை முதலில் கண்டவர் மரியா. விருந்தில் இருந்துகொண்டே அடுப்படியின் குறையைக் கவனித்த கண் அது. அவர் வீட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. பேசாமல் இயேசுவிடம் போனார். இயேசுவும் புதுப் பாத்திரம் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்த ஆறு கற்சாடிகளையும், கிணற்றுத் தண்ணீரையும், பணியாளரின் கைகளையும் கொண்டே குறையைத் தீர்த்தார். வெளியே போய்க் கடன் வாங்க எவரையும் அவர் அனுப்பவில்லை.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. விருந்து வைக்கும்போது, திருப்பி அழைக்க முடிந்த பணக்கார அயலவரை அழைக்காதே, திருப்பித் தர முடியாத ஏழைகளை அழை என்கிறார் இயேசு. எங்கள் மொய்ப் பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வந்த மொய்யை எழுதி வைத்து, அதற்கு மேல் திருப்பிச் செய்யவேண்டும் என்று ஓடுகிற ஓட்டத்தில் விருந்து வியாபாரமாகிவிடுகிறது.

ஆகவே ஒரு கொண்டாட்டம் நல்லதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். இது எங்களைக் கூட்டுகிறதா, இல்லை எங்களைக் காட்டுகிறதா? அடுத்த நாள் காலையில் கடன் மிஞ்சுமா, உறவு மிஞ்சுமா? வரிசையின் கடைசி வீட்டார் வெட்கமில்லாமல் வந்து உட்கார முடியுமா?

அந்தப் புதுநன்மை நாள்

பாட்டி வென்றார். கொண்டாட்டம் நடந்தது. குழுப் பணத்தில் ஒரு சதமும் தொடவில்லை. வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி. ஒருவர் மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்தார், ஒருவர் தேங்காய். கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தாய் ஒருவர் வாழையிலையில் பாற்சோறும் லுணுமிரிசும் எடுத்து வந்தார். நான்கு பிள்ளைகளுக்கும் கழுவித் தேய்த்த பழைய வெள்ளைச் சட்டைகள். அவற்றில் ஒன்று இரவல்.

திருப்பலி முடிந்து பந்தி போடுமுன், மூத்தவர் ஒருவரைப் பேசச் சொன்னேன். அவர் மறையுரை எதுவும் செய்யவில்லை. சரிவில் இருந்த வீடுகளைக் கீழிருந்து மேலாகப் பெயர் சொன்னார். இறந்தவர்களின் பெயர் சொன்னார். எந்த வளவில் என்ன மரம் நின்றது என்றும் சொன்னார். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி, "அப்ப எங்க வீடு திரும்ப வருமா தாத்தா?" என்று கேட்டாள். கிழவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வீடு வராது கண்ணு. நாம வேற கட்டணும்" என்றார்.

சாப்பிட்டு முடிந்தும் எவரும் எழும்பவில்லை. அந்தப் பந்தியிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மாற்றுக்காணி கிடைத்தவர்கள் தனித்தனியே பற்றை வெட்டினால் மழைக்கு முன் முடியாது, கைமாற்றாக ஒவ்வொரு காணிக்கும் எல்லோரும் போவோம் என்று ஒருவர் சொன்னார். சிங்களத் தாயின் மகன், தங்கள் ஊரிலும் அத்தம் முறையில் அப்படித்தான் செய்கிறோம், நாங்களும் ஒரு நாள் வருகிறோம் என்றார். எட்டு மாதம் கூட்டம் வைத்து நான் செய்ய முடியாததை ஒரு பந்தி செய்தது. கூடிச் சாப்பிட்டவர்கள் கூடி வேலை செய்வார்கள். இதுதான் என் கணக்கில் விடுபட்ட வரவு.

எம்மாவு ஊருக்குப் போன இரு சீடரும் வழிநெடுக இயேசுவோடு பேசியும் அவரை அறியவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதே அறிந்துகொண்டார்கள். அறிந்ததும் இரவென்று பாராமல் எழுந்து, வந்த வழியே தம் சகோதரரிடம் திரும்பிப் போனார்கள். எங்கள் தகரக் கூரையின் கீழும் அவர் வந்து உட்கார்ந்தார் என்று நான் நம்புகிறேன்.

குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

1. வருடத்தில் ஒரு நாளை உங்கள் குடியிருப்பின் நினைவு நாளாக வையுங்கள். இழந்ததையும் காக்கப்பட்டதையும் பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.

2. கொண்டாட்டத்துக்குப் பொதுப் பானை வையுங்கள். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி என்றால் எவரும் கடன்பட மாட்டார்கள்.

3. ஒரு குடியிருப்பில் ஒரே காலத்தில் வரும் புதுநன்மை, பிறந்தநாள், சடங்கு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே நாளில் செய்யலாம்.

4. யாத்திரைக்கு மாதம் மாதம் சிறு தொகை சேர்த்து வையுங்கள். வட்டிக்கு வாங்கி மடுவுக்குப் போகாதீர்கள். மாதா அதைக் கேட்கவில்லை.

5. வானில் மது ஏறாது என்பதைப் புறப்படுமுன் ஆண்களே கூடித் தீர்மானிக்கட்டும். போன இடத்தில் ஒரு நேரமாவது ஆண்கள் சமைக்கட்டும்.

6. போகும் வழியில் ஊர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, முன்னோர் நடந்த கதையைச் சொல்லுங்கள்.

7. பந்தியில் ஒரு இடம் அடுத்த ஊராருக்கும், மற்ற மதத்தாருக்கும், மற்ற மொழியாருக்கும் இருக்கட்டும்.

சிந்தனைக்கு

கடைசியாக உங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? அன்று வராதவர் யார்? ஏன் வரவில்லை?

உங்கள் பிள்ளைகளில், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து வழியில் விட்டுவிட்ட பிள்ளை யாராவது உண்டா? அவரைத் தேடி இந்த வாரம் யார் திரும்பி நடக்கப்போகிறார்?

குழுவாகக் கூடும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள். பேசி முடிந்ததும் ஒரு கோப்பைத் தேநீரையாவது ஒன்றாகக் குடித்துவிட்டுக் கலையுங்கள்.